பேகடாவுக்கு வந்தவர்கள் பதினோரு பேர்

கும்பகோணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கும்போது பொழுது விடிந்திருக்காது. சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி வரும் பஸ், மேம்பாலத்தில் ஏறுவதற்கு முன் ஓரமாக ஒதுங்கி நிற்கும் அரை நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். போன வருஷம் எங்கள் குடியிருப்பின் இசை விழாவுக்காக அப்படி இறங்கியவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு நாதஸ்வர வித்வான். கையில் துணிப்பை, தோளில் உறை போட்ட வாத்தியம். நான் ஓடிப்போய் இரண்டுக்கும் கை நீட்டினேன். பையைக் கொடுத்தார். வாத்தியத்தைக் கொடுக்கவில்லை. "இது என்கிட்டயே இருக்கட்டும் தம்பி. பை கனமா இருக்கும், பார்த்து எடுங்க" என்றார்.

பையில் என்ன கனம் என்று அப்புறம்தான் தெரிந்தது. வீணை குப்பையரின் பேகடா ராக ஆதி தாள வர்ணத்தைத் தன் கையாலேயே ஸ்வரப்படுத்தி எழுதி, ஊரிலேயே அறுபது பிரதி ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின் அடித்துக் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் போனில் "எத்தனை பிள்ளைங்க வருவாங்க?" என்று கேட்டிருந்தார். "அறுபது பேர் பெயர் கொடுத்திருக்காங்க அய்யா" என்று நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வகுப்பு. ஏழரை வரைக்கும் காத்திருந்தோம். வந்தவர்கள் பதினோரு பேர்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெரியவங்க எல்லாம் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க" என்றார். மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அறுபது பேருக்கு எவ்வளவு தொண்டை கொடுத்திருப்பாரோ அவ்வளவையும் அந்தப் பதினோரு பேருக்குக் கொடுத்தார். பத்து மணிக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மீதி நாற்பத்தொன்பது பிரதிகளை அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, என்னிடம் தந்தார்.

இதை இன்று எழுதக் காரணம், வரும் சனிக்கிழமை மறுபடியும் அந்த வகுப்பு நடக்கப்போகிறது. மறுபடியும் பெயர்ப் பட்டியல் நிறைந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் கதவையும் தட்டிச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் கொடுத்திருக்கிறீர்கள். வந்துவிடுங்கள்.

வராமல்போனதற்கு அன்று சொல்லப்பட்ட காரணங்கள் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸில் ரிலீஸ் இருந்தது, தூங்கவே மூன்று மணி. பையனுக்கு நீச்சல் வகுப்பு. திடீரென்று விருந்தாளிகள். இவற்றில் பாதி உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு நண்பர் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை: "இலவசம்தானே, வந்தா வரலாம்னு போட்டு வைச்சேன்." இன்னொரு வீட்டில், "எங்க பொண்ணு வாய்ப்பாட்டு கத்துக்கறா. அவர் நாதஸ்வரம்தானே?" என்று கேட்டார்கள். மூன்றாவது ஒருவர் மட்டும் அன்று மாலையே கூப்பிட்டார். வருத்தம் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "ரெக்கார்டிங் அனுப்பிடுங்க" என்றார்.

இந்த மூன்று பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். முதலில் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் அறியாமை அதிகம்.

பேகடா என்ற ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைத் திறந்தால் அதன் மத்யமம் சுத்த மத்யமம் என்று இருக்கும். ஸ்வரம் எழுதிய தாளில் 'ம' என்று ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஆனால் பேகடாவின் மத்யமம் அந்த இடத்தில் நிற்பதில்லை. அதற்குச் சற்று மேலே ஒரு பிடியில் தொங்குகிறது. நிஷாதமும் அப்படித்தான், காகலி என்று எழுதியிருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று எழுதிக் காட்ட முடியாது. கீபோர்டில் அந்த இடத்துக்குக் கட்டையே இல்லை. நாதஸ்வரத்தில் உண்டு. துளையை விரல் பாதி மூட, சீவாளியில் உதடு ஒரு நூலளவு இறுக, மூச்சு கொஞ்சம் கூட, அந்த மத்யமம் பிறக்கும். ராக ஆலாபனையை மணிக்கணக்கில் வளர்க்கும் பழக்கத்தைக் கோயில் வீதிகளில் நின்று காப்பாற்றியவர்கள் நாதஸ்வரக்காரர்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுத் தங்கள் தோடியைத் திருத்திக்கொண்ட பாடகர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. வாய்ப்பாட்டுப் படிக்கும் பெண்ணுக்கு நாதஸ்வர வித்வானிடம் என்ன இருக்கிறது என்று கேட்பது, நீந்தக் கற்கிறவன் ஆற்றைப் பார்த்து உனக்கும் எனக்கும் என்ன என்று கேட்பது போல.

அன்று காலை ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அந்த வர்ணத்தின் முதல் வரியைப் பாடினான். மத்யமத்தில் அவர் நிறுத்தினார். "பாப்பா, இன்னும் கொஞ்சம் தூக்கு." தூக்கினான். "அவ்வளவு வேண்டாம்." இறக்கினான். "இப்ப சரியா இருக்கு, ஆனா பயந்துக்கிட்டு நிக்குது. அங்க சாய்ஞ்சு உட்காரு." ஒரே ஒரு ஸ்வரம், இருபது நிமிடம். கேட்டுக்கொண்டிருந்த மற்ற பத்துப் பேரும் தங்களை அறியாமல் உதட்டுக்குள் அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறுவனுக்கு அது வந்துவிட்ட நொடியில் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் 'ஆங்' என்றார். பத்தாண்டுகளாகப் பாடுகிறவர். தன் மத்யமம் எங்கே தவறியது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

மாஸ்டர் கிளாஸ் என்பதன் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒருவன் திருத்தப்படுவதைப் பத்துப் பேர் கேட்டுத் திருந்துகிறார்கள். ஐரோப்பாவில் இந்த முறையை நிலைநிறுத்தியவர் என்று ஃபிரான்ஸ் லிஸ்ட்டைச் சொல்வார்கள். வாழ்நாளின் கடைசிப் பதினேழு ஆண்டுகளில் வைமர் நகரத்துக்கு வரும்போதெல்லாம், உலகின் பல மூலைகளிலிருந்து வந்த பியானோ மாணவர்களை ஒரே அறையில் உட்கார வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கக் கற்பித்தார். ஒரு காசு வாங்கியதில்லை. ஆனால் வீட்டிலேயே உட்கார்ந்து முடித்திருக்க வேண்டிய விரல் பயிற்சியை அரைகுறையாகத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் வருகிறவர்களை அவர் பொறுத்துக்கொண்டதும் இல்லை. அவர் கேட்ட கட்டணம் அதுதான்.

இனி, ரெக்கார்டிங் கேட்டவருக்கு. ஒலிப்பதிவில் நீங்கள் வித்வானைக் கேட்கலாம், வித்வான் உங்களைக் கேட்க மாட்டார். 'அவ்வளவு வேண்டாம்' என்று அவர் சொன்னது அந்தச் சிறுவனின் குரலுக்கு. உங்கள் குரலுக்கு என்ன சொல்லியிருப்பாரோ அது எந்த போனிலும் இல்லை. இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். அன்று அவருடைய அனுமதி வாங்கி நான் நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பிறகு போன் மாற்றியபோது அது போயே போய்விட்டது. 'இருக்கிறது, அப்புறம் கேட்கலாம்' என்ற நினைப்பே கேட்காமலிருக்கப் போதுமானதாக இருந்தது. ஆகவே வகுப்புக்குள் போனை மூடி வையுங்கள். வித்வான் தானாகச் சொன்னாலொழியப் பதிவு செய்யாதீர்கள். அவர் மாணவர்கள் முன்னால் மனம்விட்டுச் சொல்லும் ஒரு விமரிசனத்தை, தொண்டை சரியில்லாமல் பிசகிய ஒரு பிடியை, வாட்ஸ்அப்பில் ஏற்றி ஊர் பார்க்க வைப்பது நம்மை நம்பி வந்தவரைக் காட்டிக்கொடுப்பது.

'இலவசம்தானே' என்றவருக்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தியாகராஜரிடம் கற்றவர்களில் ஒருவர் அய்யம்பேட்டையில் பிறந்த வெங்கடரமண பாகவதர். பிறகு வாலாஜாபேட்டையில் வாழ்ந்ததால் அந்த ஊர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்ததாக மரபு சொல்லும் ஒரு குருவின் வீட்டில் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியானால் சீடர் என்ன கொடுத்தார்? அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் குருவின் பாடல்களை எழுதி வைத்தார்கள். குருவைப் பற்றியும் எழுதி வைத்தார்கள். அந்தச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபைக்கு வந்து சேர்ந்தன. தியாகராஜரைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் அங்கேதான் போய்க் கைகட்டி நிற்கிறார்கள். பேகடா வர்ணம் செய்த வீணை குப்பையரும் தியாகராஜரிடம் படித்தவர்தான். அவர் பட்ட கடனின் ஒரு பகுதிதான் அந்த ஜெராக்ஸ் தாளில் இருந்தது.

வெங்கடரமண பாகவதரோடு அந்த வித்தை நின்றுவிடவில்லை. அவரிடம் கற்ற சதாசிவ ராவ் மைசூர் அரண்மனைக்குப் போனார். சதாசிவ ராவிடம் வாய்ப்பாட்டுக் கற்றவர்களில் ஒருவர் வீணை சேஷண்ணா. காவிரிக் கரையில் ஒருவர் பணம் வாங்காமல் சொன்னது, மூன்று தலைமுறைக்குள் கன்னட நாட்டின் வீணையில் ஏறிவிட்டது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. மைசூர் வாசுதேவாசார்யர் மகாராஜா சாமராஜ உடையாரின் உதவியோடு திருவையாற்றுக்குப் போய்ப் பட்டணம் சுப்பிரமணிய அய்யரிடம் குருகுலவாசம் செய்தார். அந்தச் சுப்பிரமணிய அய்யருக்கு ஊரார் வைத்த பெயர் 'பேகடா' சுப்பிரமணிய அய்யர். அவ்வளவு தூரம் அந்த ராகம் அவர் வசமாகியிருந்தது. மாணவன் மைசூரிலிருந்து திருவையாறு போனான். அங்கே குருவுக்குப் பாட மனம் வரும் வேளைக்காகக் காத்துக்கிடந்தான். முதிர்ந்த வயதில் சென்னை கலாக்ஷேத்ராவுக்கு வந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போனார் வாசுதேவாசார்யர்.

நமக்கோ, பேகடா நம்மைத் தேடி சுமார் 400 கிலோமீட்டர் ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்தது. நாம் லிஃப்டில் ஏழு மாடி இறங்கவில்லை.

நான் சொல்லும் கடன் பணத்தால் தீர்வதல்ல, ஆகையால் பணம் வாங்கவில்லை என்பதால் அது இல்லாமலும் போகாது. ஐந்நூறு ரூபாய் டிக்கெட் வாங்கிவிட்டுப் போகாமலிருந்தால் நஷ்டம் உங்களுடையது. இலவச வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டுப் போகாமலிருந்தால் நஷ்டம் முழுவதும் அடுத்தவருடையது. டிக்கெட் வாங்குவதைவிடப் பத்து மடங்கு யோசித்துப் பெயர் எழுத வேண்டிய இடம் இது. வர முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே சொல்லுங்கள். அதில் எந்த வெட்கமும் இல்லை, ஒரு வரிச் செய்தி போதும். சொல்லாமல் விடுவதுதான் தவறு.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வராதீர்கள். பழத்தட்டைச் சொல்லவில்லை, சாதகத்தைச் சொல்கிறேன். என்ன வர்ணம் என்று பத்து நாள் முன்னமே தெரிவித்திருக்கிறோம். சாஹித்யமாவது மனப்பாடமாகி, தாளம் தடுமாறாமல், இரண்டு காலத்திலும் பாடிப் பார்த்துவிட்டு வாருங்கள். தாளம் போடவே அரைமணி போனால் மத்யமத்துக்கு எப்போது வருவது? முடிந்து வீட்டுக்குப் போன மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமை என்றாலும், தம்புரா போட்டு உட்காருங்கள். காதில் கேட்டது ஒரு நாளுக்கு மேல் தங்காது. ஞாயிறு காலையில் பிடித்துக் கட்டினால் தங்கும். திங்கட்கிழமைக்கு ஒத்திப்போட்டால் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கோடு அது கரைந்துவிடும்.

குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையை முன்னால் தள்ளாதீர்கள். "என் பொண்ணு ஒரு ராகம் பாடிக் காட்டட்டுமா?" என்று நடுவில் எழுந்திருக்காதீர்கள். கேள்வி நேரத்தில் நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் காட்டுவதற்காகக் கேள்வி கேட்காதீர்கள். பிள்ளை தப்பாகப் பாடி எல்லோர் முன்னாலும் திருத்தப்பட்டால் முகம் வாடாதீர்கள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை இனிமேல் தப்பை ஒளிக்கக் கற்றுக்கொள்ளும். இதைவிட முக்கியமானது ஒன்று. வாரம் இரண்டு நாள், எலெக்ட்ரானிக் சிட்டி இரண்டாவது ஃபேஸில் ஒரு சின்ன வீட்டின் முன்னறையில், சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்து உங்கள் பிள்ளையை வர்ணம் வரை கொண்டுவந்த டீச்சர் ஒருவர் இருக்கிறாரே, அவரை அழைத்து வாருங்கள். முன்வரிசையில் உட்கார வையுங்கள். வந்த வித்வானிடம் "இவங்கதான் இவளோட டீச்சர்" என்று அறிமுகப்படுத்துங்கள். வெளியூர்ப் பெரியவர் ஒரு நாள் சொன்னதை வைத்துக்கொண்டு மறுவாரம் "எங்க டீச்சர் சொல்லித்தந்ததெல்லாம் தப்பாம்" என்று பேசுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாடாந்தரம் ஒவ்வொரு வழிக்கும் வேறுபடும். ஒன்று சரி என்பதால் மற்றது தப்பாகாது. அன்று அந்த வித்வானே ஒரு டீச்சரின் மாணவி பாடியதைக் கேட்டுவிட்டு, "எங்க வழியில வேற மாதிரி வரும். ஆனா இதுவும் நல்லா இருக்கு, மாத்தாதே" என்றார். பெரியவர்களே அப்படிச் சொல்லும்போது நமக்கேன் அவசரம்?

இனி விழா நடத்துகிற நமக்குள் பேச வேண்டியது. நானும் அந்தக் குழுவில் ஒருவன்.

கற்கிறவருக்கு இலவசம் என்றால் கற்பிக்கிறவர் இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. இதில் நாம் குழம்பிவிடுகிறோம். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் என்ன செய்தார் என்று பாருங்கள். ஆசிரியராக இருந்து சித்த மருத்துவரானவர், மருந்து விற்றுச் சம்பாதித்தவர். 1912ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வெளியூர் வித்வான்களைத் தஞ்சைக்கு வரவழைத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, சுருதியைப் பற்றியும் பண்ணைப் பற்றியும் நாள்கணக்கில் விவாதிக்க வைத்தார். செலவு அவர் கைப்பணம். 1917ல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூல் அந்த விவாதங்களின் சூட்டில் வெந்தது. தொழிலில் சம்பாதித்த ஒருவர் ஊருக்கு வித்தையைத் திறந்துவிட்டது அப்படித்தான். சென்னை மியூசிக் அகாடமியின் டிசம்பர் காலை லெக்-டெம்களுக்கு இன்றும் டிக்கெட் இல்லை. 1977ல் டெல்லி ஐஐடியில் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக் மெக்கே கல்லூரி கல்லூரியாகக் கொண்டுபோகும் நிகழ்ச்சிகளுக்கும் இல்லை. இங்கெல்லாம் கேட்கிறவர் கொடுக்காததை வேறு யாரோ பொறுப்பெடுத்துக் கொடுக்கிறார்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் நம்மைப் போலச் சம்பாதிப்பவர்களுக்கு ஆபிரகாம் பண்டிதரின் செயல் எட்டாததல்ல. ஆனாலும் வித்வானுக்கு சன்மானம் பேசும்போது நம் குரல் தாழ்ந்து போகிறது. "பிள்ளைங்களுக்கு ஃப்ரீயா சொல்லித்தர்றதுதானே..." என்று இழுக்கிறோம். பந்தலுக்கும் எல்இடி திரைக்கும் முன்பணம் கொடுக்கிற நாம், வித்வானின் உறையை மட்டும் கடைசியில், கூட்டம் கலைந்த பிறகு, எண்ணாமல் நீட்டுகிறோம். இந்தத் தடவை அந்தத் தொகையை முதலில் எடுத்துவைக்க வேண்டும். இரவு பஸ்ஸில் இல்லாமல் ரயிலில் ஏசி பெர்த்தில் வர அவருக்கு டிக்கெட் போட வேண்டும். வந்திறங்கியதும் மூன்று மணி நேரமாவது படுக்க ஓர் அறை, வெந்நீர், சூடான இட்லி. எழுபது வயதுத் தொண்டை அது. தூங்காமல் வந்து பாடினால் நமக்கென்று பாடும், திரும்பிப்போய் ஒரு வாரம் அவதிப்படும்.

சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்த ஒன்று மிச்சமிருக்கிறது.

போன வருஷம் அறுபது பெயர் நிறைந்ததும் பட்டியலை மூடிவிட்டேன், மூடியபிறகு ஒருத்தி வந்து கேட்டாள். எங்கள் கேட்டில் இரவுக் காவல் பார்க்கிறவரின் மகள். தர்மபுரிப் பக்கத்துக் குடும்பம். பதிமூன்று வயது. பஜனையில் பாடுகிறவள், நல்ல சாரீரம். "அண்ணா, நானும் வந்து உட்காரலாமா?" என்றாள். "இடம் இல்லம்மா, நிறைஞ்சு போச்சு" என்று நான்தான் சொன்னேன். சனிக்கிழமை காலை நாற்பத்தொன்பது காலி நாற்காலிக்கு முன்னால் நின்றபோது அவளைத் தேடினேன். அப்பாவின் ஷிப்ட் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். வராதவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்தில் சரிபாதி என்மேல் வர வேண்டியது. ஒரு காலி நாற்காலியைக்கூட அவளுக்கென்று நான் ஒதுக்கி வைத்திருக்கவில்லை.

இந்த ஊரின் கதையைப் பாருங்கள். 1970களில் கியோனிக்ஸ் நிறுவனத்தை நடத்திய ஆர்.கே.பாலிகா 332 ஏக்கரில் இந்தத் தொழில் நகரத்தை எழுப்பியது கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்ற இரு கிராமங்களில். இன்று மெட்ரோ நிலையத்தின் பெயரிலும் கோனப்பன அக்ரஹாரம் இருக்கிறது. அக்ரஹாரம் என்றால் கற்றவர்களுக்கு மானியமாக விட்ட நிலம். அந்த மானியத்தின் நிழலில் யார் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்ற கணக்கும் அதோடு சேர்ந்தே வந்தது. நம் கேட்டில் ஆக்சஸ் கார்டு இருக்கிறது. கணக்கு வேறு, கதவு அதேதான்.

இந்தக் கதவை உடைத்துப் போனவர் ஒருவர் உண்டு, பெங்களூரின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சுமந்தவர். நஞ்சன்கூட்டில் 1878ல் பிறந்த நாகரத்தினம்மா. திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி பராமரிப்பின்றிக் கிடந்ததைக் கேள்விப்பட்டுத் தன் நகைகளையும் சொத்தையும் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பினார். ஆனால் ஆராதனையில் பாடப் பெண்களுக்கு இடமில்லை, அதிலும் தேவதாசி மரபில் வந்தவளுக்கு இல்லவே இல்லை என்றார்கள். தான் கட்டிய இடத்தில் தான் பாட முடியாது! அவர் அதோடு திரும்பிவிடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார், வாதாடினார், கடைசியில் 1940களின் தொடக்கத்தில் தனித்தனியாக ஆராதனை நடத்தியவர்கள் எல்லோரும் ஒன்றாகிப் பெண்களும் சேர்ந்து பாடும் நிலை வந்தது. இன்று தை மாதத்தில் காவிரிக் கரையில் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து பஞ்சரத்னத்தில் குரல் சேர்க்கலாம். யாரும் உங்களிடம் டிக்கெட் கேட்பதில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்றும் கேட்பதில்லை. அந்த இலவசம் ஒரு பெண் கழற்றிக் கொடுத்த வளையல்களில் வாங்கியது.

அவர் பெயரைச் சொல்லும் ஊரில், அவர் வழிபட்டவரின் சீடர் செய்த வர்ணத்துக்கு, காவலரின் மகளை நான் 'இடமில்லை' என்று திருப்பினேன்.

ஆகவே இந்தச் சனிக்கிழமைக்காகச் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன், குழுவின் சம்மதமும் வாங்கியாயிற்று. முதல் வரிசையில் பத்து இடங்கள் நம் குடியிருப்பில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் தொட்டதோகூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும். கேட்டில் யாரையும் நிறுத்திப் பெயர் கேட்க மாட்டார்கள். வகுப்பு ஏழு மணிக்கு. ஏழே காலுக்கு வராத பெயர்களின் இடம் வாசலில் நிற்பவர்களுக்குப் போகும், அப்போது வந்து யாரும் என்னிடம் சண்டைக்கு நிற்கக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள். டிரைவரிடம் சொல்லுங்கள். "உங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும்" என்ற தொனி இல்லாமல் சொல்லுங்கள். ஒப்பாரியும் தாலாட்டும் கோயில் மேளமும் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு, பேகடாவைப் பிடித்துக்கொள்ள நம் பிள்ளைகளைவிட நேரம் குறைவாகவே ஆகலாம். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நானே போய்ப் பேசினேன். முதலில் தயங்கினார். பிறகு ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன் என்றார்.

மஞ்சள் தடம் மெட்ரோ 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திரா முதல் ஆர்.வி.ரோடு வரை ஓடுகிறது. சில்க் போர்டு நெரிசலைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஜெயநகரிலிருந்தும் பசவனகுடியிலிருந்தும் பெயர் கொடுத்திருக்கும் நண்பர்கள் எலெக்ட்ரானிக் சிட்டி நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து அழைத்துவர ஆள் இருப்போம். முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் முதல் நாளே பார்த்து வையுங்கள். ரயில் பொருந்தாது என்றால் சொல்லுங்கள், வண்டி அனுப்புகிறோம்.

வருகிறவர் அதே வித்வான்தான். போன வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மூன்று முறை நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நாலாவது முறை பேசியபோது, அவர் எடுத்தவுடன் "அந்தச் சின்னப் பையன் மத்யமத்தை விடாம வச்சிருக்கானா?" என்று கேட்டார். வைத்திருக்கிறான் என்றேன். கொஞ்சநேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

"வர்றேன் தம்பி. ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம்ல? போன தடவை மீந்தது இருக்குமே" என்றார்.

இருக்கிறது. கயிறு அவிழ்க்காமல், நாற்பத்தொன்பதும் என் அலமாரியில் இருக்கின்றன.